முடியாது என்ற சொல்

ஜெசிந்தா டீச்சரின் நினைவிலிருந்து அவருடைய மகனின் சாவைச் செங்குட்டுவன் பதினோராவது முறையாக எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வேலை நாற்பது விநாடியில் முடிந்துவிட்டது. பிறகு கான்டீனுக்குப் போய் நான்கு இட்லி சாப்பிட்டான். முதல் முறை செய்த நாளில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பதினொன்றாவது முறைக்குள் அது கை பழகிய வேலையாகிவிட்டது.

திருச்சியில், விமான நிலையம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த நிலையம். அறுபத்து மூன்று பேர் படுத்திருந்தார்கள். உடம்பில் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல், மனம் மட்டும் முழுதாக விழித்திருப்பவர்கள். தலையில் பொருத்திய கருவி வழியாக அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் உலகம் தரப்பட்டிருந்தது. அகவெளி என்று அதற்குப் பெயர். அங்கே அவர்கள் நடப்பார்கள், சமைப்பார்கள், சந்தைக்குப் போவார்கள். ஒவ்வோர் அகவெளிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. பொறுப்பாளர் நினைத்தால் அங்கே மழை பெய்யும். மலை நகரும். செத்துப்போனவர்கள் போனில் பேசுவார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் பொறுப்பாளரைச் சாமி என்றுதான் சொல்வார்கள். பதினான்காம் எண் படுக்கைக்குச் செங்குட்டுவன்தான் சாமி.

பதினான்காம் எண், ஜெசிந்தா மேரி. வயது ஐம்பத்தெட்டு. மணப்பாறையில் கணக்கு டீச்சராக இருந்தவர். மகன் பெலிக்ஸுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, அவனை விமானம் ஏற்றிவிடக் காரில் கூடவே வந்தார். வழியில் லாரி மோதியது. பெலிக்ஸ் அந்த இடத்திலேயே போய்விட்டான். டீச்சருக்கு உடம்பு போயிற்று. மூளையில் நினைவைப் பிடித்து வைக்கும் பகுதியும் அடிபட்டிருந்ததால், விபத்துக்கு முந்திய வாழ்க்கை மட்டும் அவரிடம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நடப்பதை இயந்திரம்தான் அவருக்காகச் சேர்த்து வைத்தது. அது சேர்த்து வைத்ததை எடுக்கவும் முடியும்.

மகனை ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் விபத்து என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஞாயிறுதோறும் பெலிக்ஸ் மஸ்கட்டிலிருந்து போன் செய்வான். பழைய குரல் பதிவுகளையும், அப்பா அமல்ராஜ் சொன்ன விவரங்களையும் வைத்து இயந்திரம் கட்டிய பெலிக்ஸ் அவன். டீச்சர் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. சில மாதத்துக்கு ஒரு முறை எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். கடைசியாக, அவனுடைய முதுகில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவும் பிள்ளையும் மறைத்து வைத்த விஷயம் அது. போனில் இருந்த பெலிக்ஸ் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். டீச்சர் போனை வைத்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார். அமல்ராஜ் வந்து கையெழுத்துப் போட்டார். செங்குட்டுவன், முந்தைய முறை எடுத்ததற்குப் பிறகு சேர்ந்த எல்லாவற்றையும் எடுத்தான்.

ஒரு வாரம் கழித்து அவன் வழக்கம்போல அகவெளிக்குள் போனான். மணப்பாறை வீட்டின் முன்னறையில் டீச்சர் மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இதைப் பாருங்க" என்று நோட்டை நீட்டினார். சமன்பாடு ஒன்றின் நிரூபணம், அரைப் பக்கத்துக்கு, குண்டு குண்டான எழுத்தில்.

"நல்லாருக்கே டீச்சர்."

"இடது கையில எழுதினது. இங்க நெனச்சதெல்லாம் நடக்குதா, சலிச்சுப்போச்சு. கஷ்டமா ஒண்ணு பழகலாம்னு நேத்துதான் இடது கையை எடுத்தேன். முதல் வரியே இப்படி வந்துச்சு."

செங்குட்டுவன் நோட்டையே பார்த்தான். ஒவ்வொரு முறை நினைவை எடுத்த பிறகும் அவருக்கு அதே சலிப்பு வந்திருக்கிறது. அதே யோசனை வந்திருக்கிறது. இயந்திரம் வைத்திருந்த நாட்களைத்தான் அவன் எடுத்தான். கை பழகியது மூளையில் வேறோர் இடத்தில், அவனுக்கு எட்டாத இடத்தில் தங்கிவிட்டது.

"ஒரு பிள்ளைக்கு எழுத்து இந்த அளவுக்குப் படியணும்னா ஆறு மாசமாவது ஆகும். முப்பது வருசம் பார்த்திருக்கேன்" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. "அந்த ஆறு மாசம் எங்க போச்சு? என்கிட்டேருந்து எதையோ எடுக்குறீங்க."

அவன் நோட்டை மூடி மேசை மேல் வைத்தான்.

"எதைன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லுவீங்க. சொல்லிட்டு அதையும் எடுத்துடுவீங்க. எனக்கு வேண்டியது வேற. இனிமே எடுக்க மாட்டீங்கன்னு ஒரு உறுதி."

"எடுக்க மாட்டேன் டீச்சர்."

"அது செல்லாது." தப்பான விடையை அடித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தருகிற மாதிரி சொன்னார். "நீங்க சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லாம ஆக்கிடலாம். அப்புறம் சொன்னதுக்கும் சொல்லாததுக்கும் என்ன வித்தியாசம்? சரி, இங்க உங்களால முடியாதது எதாவது உண்டா?"

"இங்கயா? இல்ல."

"அப்போ உங்களாலயே திறக்க முடியாத பூட்டு ஒண்ணு செய்ய முடியுமா?"

அவன் லேசாகச் சிரித்தான். "கல்லை வெச்சுக் கேப்பாங்களே, அதுவா? கடவுளால தூக்க முடியாத கல்லைக் கடவுள் செய்ய முடியுமான்னு."

"அதேதான். சின்ன வயசுல சர்ச் மறைக்கல்வி வகுப்புல கேட்டு முட்டி போட்டிருக்கேன். காலேஜ்ல ஒரு பதில் சொன்னாங்க. வட்டமான சதுரத்தைக் கடவுளாலயும் வரைய முடியாது, ஏன்னா அது ஒரு பொருளே இல்ல, ரெண்டு சொல்லை ஒட்டி வெச்சது. தூக்க முடியாத கல்லும் அப்படித்தான், அதனால அவருக்கு ஒரு குறையும் இல்லைன்னாங்க. எனக்கு அப்பவே மனசு ஒப்பல."

"ஏன்?"

"வட்டச் சதுரத்தை யாராலயும் செய்ய முடியாது. ஆனா தன்னால திறக்க முடியாத பூட்டைத் திண்டுக்கல்ல ஒரு பூட்டுக்காரர் செஞ்சிடுவார். செஞ்சு பூட்டிட்டு, சாவியைக் கிணத்துல போட்டா ஆச்சு. அது வெறும் சொல்லு இல்ல, வேலை. எல்லாம் முடிஞ்சவருக்கு அந்த வேலை முடியாதுன்னா, இந்த ஒரு விசயத்துல திண்டுக்கல்காரர் அவரைவிடப் பெரிய ஆளு."

"செஞ்சிட்டார்னா?"

"செஞ்ச நிமிசத்துலேருந்து அவருக்கு ஒண்ணு முடியாது. அதுவரைக்கும் எல்லாம் முடியும். இதுல முரண்பாடு எதுவும் இல்ல தம்பி. இழப்புதான் இருக்கு. அந்த இழப்புக்குச் சம்மதிக்கிறவர் வாக்குக் குடுத்தாதான் நான் நம்புவேன்."

விதிப்படி அவன் வெளியே வந்ததும் இந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நேராகத் தலைமை மருத்துவர் வசுமதியின் அறைக்குப் போனான்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படி ஒரு பூட்டு இருக்கு, செங்குட்டுவன். முத்திரைன்னு பேரு. வெளியாள் யாரும் உள்ள புகுந்துடக் கூடாதுன்னு செஞ்சு வெச்சது. போட்டுட்டா அந்த நோயாளியோட நினைவை நாமளும் தொட முடியாது. சாவி அங்கயே அழிஞ்சிடும்."

"ஏன் இதுவரைக்கும் யாருக்கும் போடல?"

"எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? நாம மட்டும் சம்மதிப்போமா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நோயாளி தெளிவா இருந்து, தானே கேட்டா, குடும்பத்தோட கையெழுத்து வேண்டாம்னு விதி இருக்கு. ஆனா எதைப் பூட்டுறோம்னு தெரிஞ்சு கேக்கணும். அதாவது, நீங்க முதல்ல அந்த அம்மாகிட்ட சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பார்வையாளர் கூடத்தில் அமல்ராஜ் இருந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் வருவார். ஆனால் அகவெளிக்குள் போக மாட்டார். மனைவி முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது என்பார். ஒலிபெருக்கி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெலிக்ஸ் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போவார். அன்று மஸ்கட்டில் வெயில் அதிகம் என்று பெலிக்ஸ் சொல்லிக்கொண்டிருந்தான்.

பேச்சு முடிந்ததும் செங்குட்டுவன் விஷயத்தைச் சொன்னான்.

"வேண்டாம் தம்பி" என்றார் அமல்ராஜ். "அவ நிம்மதியா இருக்கா. அவளுக்கு ஞாபகம் வர்றப்பல்லாம் நீங்க எடுத்துடுறீங்க. எனக்கு யார் எடுக்குறா?"

"அதனாலதான் ஐயா சொல்றேன். நீங்க ஒருத்தரே அதைச் சுமந்துக்கிட்டு..."

"சுமந்துட்டுப் போறேன். ரெண்டு பேரும் ஏன் சாகணும்?" எழுந்து நின்றார். "பதினோரு தடவை அவ கத்துனதை நான் கேட்டிருக்கேன். பன்னெண்டாவது தடவை கேட்டு, அது நிக்கவே நிக்காதுன்னா, நான் என்ன பண்ணுவேன்?"

ஆனாலும் செங்குட்டுவன் திங்கட்கிழமை அகவெளிக்குள் போனான். வேலை போகலாம் என்று தெரியும். அதைவிட, இன்னொரு செவ்வாய்க்கிழமை அதே நாற்பது விநாடி வேலையைச் செய்துவிட்டு இட்லி சாப்பிட முடியாது என்று தோன்றியது.

டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. கார், லாரி, மணப்பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம், காலை ஆறு பத்து. போனில் பேசுவது யார், அது எப்படிப் பேசுகிறது. பதினொரு முறை அவர் கண்டுபிடித்தது, பதினொரு முறை தான் எடுத்தது.

இந்த முறை டீச்சர் கத்தவில்லை. முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பிறகு, "நான் அழுது கேட்டாலும் எடுக்கக் கூடாது" என்றார். "இப்ப சொல்றவதான் நான். அப்புறம் கேக்கப்போறவ வலியில கேப்பா. பூட்டுங்க."

செங்குட்டுவன் வெளியே வந்து முத்திரையைப் போட்டான். திரையில் சாவி அழிந்தது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

பிறகு வந்த நாட்களைப் பற்றி நிலையத்தில் யாரும் பேச விரும்புவதில்லை. டீச்சர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அடுப்பு எரியவில்லை. செங்குட்டுவன் தினமும் போய் வாசலில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆண்டவரால தடுக்க முடிஞ்சிருக்கும்னா ஏன் தடுக்கல? முடியாதுன்னா நான் இத்தனை வருசம் யார்கிட்ட ஜெபம் பண்ணேன்?" அவனிடம் கேட்கிறாரா, சுவரிடம் கேட்கிறாரா என்று தெரியவில்லை. அந்த உலகத்தில் மழையை வரவழைக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் கதவைத் தட்டத் துணிவில்லை.

பதினெட்டாம் நாள் டீச்சர் கதவைத் திறந்து வெளியே வந்தார். தலை கலைந்திருந்தது.

"எடுத்துடுங்க தம்பி."

"டீச்சர், நீங்கதானே..."

"ஆமா, நான்தான் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன். என்னால முடியல. எடுத்துடுங்க." அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "போய் முயற்சி பண்ணியாவது பாருங்க."

"பார்க்குறேன்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான். முயற்சி செய்தான். உண்மையாகவே செய்தான். தெரிந்த வழி எல்லாவற்றையும் இயந்திரம் மறுத்தது. அதற்குள் வசுமதி கூப்பிட்டனுப்பினார்.

அமல்ராஜ் புகார் கொடுத்திருந்தார். நிலையம் அதை இயந்திரம் செய்த கம்பெனிக்கு அனுப்பியிருந்தது. பதில் வந்திருந்தது. வசுமதி அந்தக் கடிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"முத்திரைக்கு இன்னொரு சாவி அவங்ககிட்ட இருக்காம். நமக்கே சொல்லாம வெச்சிருக்காங்க. போட்டவர் கையெழுத்து இருந்தா நாளைக்கே திறந்து, விபத்து வரைக்கும் எல்லாத்தையும் சுத்தமா எடுத்துக் குடுத்துடுவாங்களாம்."

செங்குட்டுவன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். கீழே அவன் பெயர் போட்டு, ஒரு கோடு காலியாக விட்டிருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

"நான் சொன்னா அது உத்தரவாயிடும்" என்றார் வசுமதி. "அதனால சொல்லல."

கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். கையெழுத்துப் போட்டால் அந்த அம்மாள் நாளை காலை சிரித்துக்கொண்டு எழுந்து, சலித்துப்போய், இடது கையில் எழுத ஆரம்பிப்பார். போடாவிட்டால், ஒரு மனுஷியின் வலியைத் தீர்க்க வழி இருந்தும் தீர்க்காதவன் என்று அவன் பெயர் எடுப்பான். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் டீச்சர் கதவுக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு முன் அவன் கடவுளைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. இப்போது முதன்முறையாக அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

மூன்று மணி நேரம் கழித்து அவன் மறுபடி உள்ளே போனான். டீச்சர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"முடியாது டீச்சர்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தான். அவர் கதவு நிலையில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவனும் எதிரே உட்கார்ந்தான். வெகுநேரம் அழுதார். அழுது முடித்த பிறகு, "அவரை வரச் சொல்லுங்க" என்றார்.

அமல்ராஜ் மறுநாள் வந்தார். மூன்று வருஷத்தில் முதன்முறையாகத் தலையில் கருவியை மாட்டிக்கொண்டார். உள்ளே போகும் முன், "என்கிட்ட என்ன கேப்பா?" என்று செங்குட்டுவனிடம் கேட்டார்.

"என்னங்க, அடக்கத்துக்கு யார் யார் வந்தாங்க?" என்பதுதான் டீச்சர் கேட்ட முதல் கேள்வி.

அமல்ராஜ் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். பங்குச் சாமியார் பெயர், பெட்டியைத் தூக்கியவர்கள் பெயர், பெலிக்ஸுக்குப் போட்ட சட்டையின் நிறம். ஆஸ்பத்திரியில் இவரையும் கல்லறையில் அவனையும் மாறி மாறிப் பார்க்க ஓடியது. சொல்லச் சொல்ல உட்கார்ந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்க வேண்டியவருக்குத் தெரியக் கூடாது என்று இருந்ததால் மற்றவர்களிடமும் வாயடைத்துப் போயிருந்தார். அவர் முடித்ததும் டீச்சர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"அவன் முதுகுல ஒரு தழும்பு இருக்குமே."

"சைக்கிள்ல விழுந்தது."

"இல்லைங்க. உங்க பட்டறைச் சுவர் ஏறிக் குதிச்சான். நீங்க வேலை செய்யறதைப் பாக்கணும்னு. உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு நாங்க சொல்லல."

அமல்ராஜ் முகத்தை மூடிக்கொண்டார். செங்குட்டுவன் அங்கிருந்து வெளியே வந்துவிட்டான்.

அந்த வாரமே அமல்ராஜ் புகாரைத் திரும்பப் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நிறுத்திவிடலாமா என்று செங்குட்டுவன் கேட்டபோது, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நிறுத்திவிடுங்கள் என்றார்கள். வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. டீச்சர் சில நாள் சாப்பிட மாட்டார். சில நாள் அமல்ராஜிடம் காரணமில்லாமல் சண்டை போடுவார். அவர் அதற்காகவே வருகிற மாதிரி வந்தார்.

செங்குட்டுவனுக்குத்தான் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பிற்பகல் டீச்சரிடம் சொல்லிவிட்டான்.

"அன்னைக்கு முடியாதுன்னு சொன்னேன்ல. முடிஞ்சிருக்கும் டீச்சர். கம்பெனிக்காரங்க அனுப்பின கடுதாசியில ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா போதும். நான் போடல."

டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"முடியாதுன்னா பத்து நிமிசத்துல வந்து சொல்லியிருப்பீங்க. மூணு மணி நேரம் ஆச்சு. முடியாத ஆளுக்கு யோசிக்க என்ன இருக்கு?"

"அப்பவே தெரிஞ்சுதா? அப்புறம் ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன். உங்க முகத்தைப் பார்த்தேன். என்னைவிட மோசமா இருந்துச்சு." தண்டைக் கிள்ளித் தனியாகப் போட்டார். "பூட்டு இருந்தாதான் வாக்கை நம்பலாம்னு உங்ககிட்ட பெரிசா பாடம் எடுத்தேனே. அதுல ஒரு படியை விட்டுட்டேன் தம்பி. பூட்டை நம்புறதுன்னா பூட்டைத்தானே நம்புறோம், ஆளை இல்லையே."

அடுத்த தண்டை எடுத்துக்கொண்டே டீச்சர் கேட்டார்:

"அந்தக் கடுதாசி இன்னும் இருக்கா?"

"இருக்கு. மேசை இழுப்பறையில. இன்னைக்கே கிழிச்சுப் போட்டுடுறேன்."

"கிழிக்காதீங்க."

அவன் புரியாமல் பார்த்தான்.

"கிழிச்சிட்டா உங்களால நெஜமாவே முடியாது" என்றார் ஜெசிந்தா டீச்சர். "அப்புறம் நீங்க எடுக்காம இருக்குறதுல என்ன இருக்கு? அது அங்கயே கிடக்கட்டும்."

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் சமையல்கட்டுக்குப் போனார். உள்ளேயிருந்து, அவர் வர்ற நேரமாச்சு, நீங்களும் இருந்து சாப்பிட்டுப் போங்க என்று குரல் கொடுத்தார்.